எலெக்ட்ரிக் சித்தார்: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

எலெக்ட்ரிக் சித்தார் என்ற பெயரில் விற்கப்படும் கருவி அமைப்பில் சித்தார் அன்று. சித்தாரின் குதிரையை, அதாவது உடலின்மேல் தந்திகளைத் தாங்கும் பாகத்தை, பொருத்திக்கொண்ட கிட்டார். நியூயார்க் ஒலிப்பதிவுக் கூடங்களில் பணியாற்றிய கிட்டார்க் கலைஞர் வின்னி பெல், டேன்எலெக்ட்ரோ நிறுவனத்தாருடன் சேர்ந்து வடிவமைத்த கோரல் எலெக்ட்ரிக் சித்தார் 1967இல் விற்பனைக்கு வந்தது. கிட்டாரைப் போலவே ஆறு வாசிப்புத் தந்திகளும், கிட்டாருக்குரிய சுருதியமைப்பும், கழுத்தின் குறுக்கே பதித்த, அசைக்க முடியாத மெட்டுகளும் அதில் இருந்தன. அவற்றுடன் உடலின் மேற்புறத்தில் தனியாக, வாசிப்புத் தந்திகளோடு தாமே ஒத்ததிர்வதற்கான 13 குறுந்தந்திகளும், வாசிப்புத் தந்திகளுக்கு இரண்டு, குறுந்தந்திகளுக்கு ஒன்று என மூன்று பிக்கப்களும் (தந்தியின் அதிர்வை மின்சைகையாக்கும் பாகங்கள்) சேர்ந்திருந்தன. டேன்எலெக்ட்ரோ 1969இல் மூடப்பட்ட பிறகும் அந்த வடிவம் மறையவில்லை. நாஷ்வில்லில் ஜெர்ரி ஜோன்ஸ் செய்த கருவிகள் அதன் வழிவந்தவையே. இன்று கிடைக்கும் மலிவு விலை மாதிரிகளும் அந்த அடிப்படையையே பின்பற்றுகின்றன. குறுந்தந்திகளே இல்லாத எளிய மாதிரிகளும் உண்டு.

இவ்வழிமுறை அந்தக் குடும்பத்துக்கு மட்டுமே உரியது. உண்மையான சித்தாரில் பிக்கப் பொருத்தி வாசிப்பவர்களின் தொல்லைகளும், நிலாத்ரி குமார் வாசிக்கும் ஸிடார் போன்ற கலப்புக் கருவிகளின் தொல்லைகளும் வேறு வகையானவை.

பழுது பார்க்கத் தொடங்குவதற்கு முன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். கிட்டாரில் தந்தி ஏதேனும் ஒன்றில் உரசி ஒலித்தால் அது குறை. அதைப் போக்குவதுதான் பழுதுபார்ப்பவரின் வேலை. எலெக்ட்ரிக் சித்தாரிலோ தந்தி குதிரையின்மேல் உரச வேண்டும் என்பதற்காகவே கருவி செய்யப்பட்டிருக்கிறது. ஆகவே கிட்டார்ப் பழக்கத்தில் கைதேர்ந்தவர்கள் இக்கருவியைச் 'சரிசெய்து' கெடுத்துவிடுவது அடிக்கடி நடக்கிறது. விரும்பிய உரசலை ரீங்காரம் என்றும், விரும்பாத உரசலைக் கரகரப்பு என்றும் இங்கே பிரித்துக்கொள்வோம். கீழே வரும் பெரும்பாலான சோதனைகள் இவ்விரண்டையும் பிரித்தறிவதற்கானவை.

கிட்டாரின் குதிரையில் தந்தி ஒரு கூரிய விளிம்பிலிருந்து புறப்படுகிறது. அதிரும் நீளம் அங்கே திட்டவட்டமாக முடிகிறது. சித்தாரின் குதிரை அகன்றது. மேற்பரப்பு ஏறத்தாழத் தட்டையாக இருந்து, கழுத்துப் பக்கம் மிக மெல்லச் சரிந்து இறங்குகிறது. ஜவாரி என்று வடநாட்டார் சொல்லும் அந்தச் சரிவின்மேல் தந்தி ஒவ்வோர் அதிர்விலும் படிந்து விலகுவதால், அதிரும் நீளத்தின் முனை ஓரிடத்தில் நிற்பதில்லை. தம்புராவின் குதிரையில் தந்திக்கு அடியே ஜீவா என்னும் நூலை நகர்த்தி நாதம் சேர்ப்பதும் இதே விதியின்படிதான். திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவானைக்காவலில் பிறந்து, அப்போது கல்கத்தாவில் ஆய்வு செய்துகொண்டிருந்த சி. வி. ராமன், 1921இல் வெளியிட்ட கட்டுரையில் தம்புரா, வீணை ஆகியவற்றின் குதிரைகளை ஆராய்ந்து, தந்தியை எந்த இடத்தில் மீட்டினால் எந்த மேற்சுரம் (அடிப்படைச் சுரத்தோடு சேர்ந்து அதற்கு மேலே ஒலிக்கும் நுண்சுரம்) எழக் கூடாது என்று பழைய விதி சொல்கிறதோ, அந்த மேற்சுரமே இக்குதிரைகளில் வலுவாக ஒலிப்பதைக் காட்டினார். இந்த உண்மை நமக்கு ஒரு நல்ல சோதனையாகவும் பயன்படும்.

எல்லாவற்றுக்கும் முன் செய்ய வேண்டிய இரு சோதனைகள்

முதற்சோதனை கேபிளைக் கழற்றிவிட்டுச் செய்வது. அமைதியான அறையில், கருவியை ஆம்ப்ளிஃபயரில் இணைக்காமல், ஒவ்வொரு தந்தியையும் திறந்த நிலையில், அதாவது எந்த மெட்டிலும் அழுத்தாமல், மீட்டிக் கேளுங்கள். பிறகு அதையே ஆம்ப்ளிஃபயர் வழியாகக் கேளுங்கள். ஜவாரி தந்தியின் அதிர்வையே மாற்றுகிறது. பிக்கப் உணர்வதும் தந்தியின் அதிர்வைத்தான் என்பதால், ரீங்காரம் இரு நிலையிலும் கேட்கும். மெட்டில் உரசும் கரகரப்பு பெரும்பாலும் காற்றில்தான் பெரிதாகக் கேட்கும். ஆம்ப்ளிஃபயரில் அதன் பங்கு குறைந்துவிடும். ஆட்டம் கண்ட திருகின் சத்தமோ பிக்கப்பில் ஏறத்தாழ ஏறுவதேயில்லை. கையில், அதாவது கேபிள் இல்லாமல், கேட்டு ஆம்ப்ளிஃபயரில் கேளாதது கரகரப்பாக இருக்கக்கூடும். இரண்டிலும் ரீங்காரம் கேளாவிட்டால் அது குதிரையின் குறை. கையில் நன்றாகக் கேட்டும் ஆம்ப்ளிஃபயரில் மங்குகிற ரீங்காரம் மின்பகுதியின் குறை.

இரண்டாவது சோதனைக்கு மேலே சொன்ன ராமனின் கண்டுபிடிப்பே அடிப்படை. திறந்த தந்தியை 12ஆம் மெட்டுக்கு நேர் மேலே, அதாவது தந்தியின் நட்டநடுவில், விரல் நுனியால் மீட்டுங்கள். சாதாரணக் கிட்டாரில் இரட்டைப்படை மேற்சுரங்கள் எழுவதில்லை. ஒலி உள்ளீடற்று, குழலொலியின் சாயலில் இருக்கும். குதிரை ஒழுங்காக வேலை செய்தால், நடுவில் மீட்டிய அதே தந்தியில் மேல் ஸ்தாயி உட்பட மேற்சுரங்கள் தாமாகவே கிளம்பி வரும். ஆறு தந்திகளிலும் இதைச் செய்து எந்தெந்தத் தந்தி உயிரோடு இருக்கிறது, எது இல்லை என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டால், பிற்பாடு செய்யும் ஒவ்வொரு மாற்றத்தின் விளைவையும் ஒப்பிட முடியும். காதின் நினைவை நம்பித் திருகுகளைத் திருப்புவது வீண்வேலை.

அறிகுறி: கருவி வெறும் கிட்டாரைப் போல ஒலிக்கிறது

இது மிகுதியாகக் காணப்படும் குறை. காரணம் பெரும்பாலும் இக்கருவியில் குதிரையாக அமைந்த தகட்டின் சாய்வு. தகட்டின் கழுத்துப்பக்க விளிம்பு உயர்ந்து நின்றால், தந்தி அந்த விளிம்பை மட்டும் தொட்டுப் புறப்படும். அது கிட்டாரின் குதிரையேதான். மாறாகப் பின்விளிம்பு மிகவும் உயர்ந்துவிட்டால், தந்தி அங்கிருந்தே புறப்பட்டு, தகட்டின் முன்பகுதியைத் தொடாமல் தாண்டிச் செல்லும். அப்போதும் ரீங்காரம் இருக்காது. இவ்விரு எல்லைகளுக்கும் இடையே, தந்தியும் தகடும் ஏறத்தாழ இணையாகி, இடைவெளி கண்ணுக்குப் புலப்படாத அளவு மெலிந்திருக்கும் ஒரு நிலையில்தான் ஒலி மலரும். அந்த நிலை மிகக் குறுகியது.

உயரத்தையும் சாய்வையும் மாற்றும் திருகுகள் பெரும்பாலான மாதிரிகளில் உள்ளன. எந்தத் திருகு எந்த விளிம்பைத் தூக்குகிறது என்பதை முதலில் பார்த்துக்கொள்ளவும். தந்திகளைச் சற்றே தளர்த்தி, ஒரு திருகை மட்டும் கால் சுற்றுக்கு மேற்படாமல் திருப்பி, மீண்டும் சுருதி சேர்த்து, நடுத்தந்தி ஒன்றைக் கேட்க வேண்டும். தந்தி முழு இழுவிசையில் இருக்கும்போது திருகைத் திருப்பினால் திருகின் தலை தேயும், தகடும் கீறப்படும். சுருதி சேர்க்காமல் தளர்ந்த தந்தியில் கேட்டு முடிவெடுப்பதும் பயனற்றது. இழுவிசை மாறினால் தந்தி தகட்டின்மேல் படியும் விதமும் மாறிவிடுகிறது.

சாய்வு சரியாக இருக்கிறதா என்று ஐயம் எழுந்தால் தம்புராவின் உபாயத்தைக் கடன் வாங்கலாம். மெல்லிய பருத்தி நூல் ஒன்றைத் தந்திக்கும் தகட்டுக்கும் இடையே நுழைத்து, பின்விளிம்பிலிருந்து முன்விளிம்பு நோக்கிச் சிறிது சிறிதாக நகர்த்திக்கொண்டே மீட்டுங்கள். ஓரிடத்தில் ரீங்காரம் திடீரென்று எழுமானால், தகட்டின் மேற்பரப்பு நன்றாகத்தான் இருக்கிறது, சாய்வு மட்டுமே தவறு என்று பொருள். எந்த இடத்திலும் எழவில்லையானால் மேற்பரப்பு தேய்ந்திருக்கிறது, அல்லது தந்தி தகட்டை அழுத்தும் விசை பொருத்தமில்லாமல் இருக்கிறது. குதிரைக்குப் பின்னே தந்தி செங்குத்தாக இறங்கினால் அழுத்தம் மிகுந்து தந்தி தகட்டில் ஒட்டிக்கொள்ளும். மிகவும் மேலோட்டமாகச் சென்றால் தந்தி தகட்டின்மேல் நிலையாக உட்காராது. நூலை நிரந்தரமாக விட்டுவிடுவதில் தவறொன்றும் இல்லை என்றாலும், பிக் என்னும் மீட்டும் வில்லையால் வேகமாக வாசிக்கும்போது அது நகர்ந்துவிடும் என்பதால் மேடைக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

தந்தியின் பருமனும் பார்க்கத்தக்கது. ஒரு பருமனுக்குச் சரிசெய்த தகடு இன்னொரு பருமனுக்குப் பொருந்தாது. முன்பு 0.010 அங்குலத்தில் தொடங்கும் கட்டு இருந்து, கடைக்காரர் கொடுத்த 0.011 கட்டை மாட்டிய மறுகணம் ரீங்காரம் மறைந்தால், திகைக்க வேண்டியதில்லை. சாய்வை மறுபடியும் முதலிலிருந்து தேட வேண்டும், அவ்வளவுதான்.

அறிகுறி: ரீங்காரம் உண்டு, ஆனால் ஸ்வரம் உடனே அடங்கிவிடுகிறது

தந்தி தகட்டின்மேல் அளவுக்கு மீறிப் படிந்திருக்கிறது. உரசும் நீளம் கூடக் கூட, தந்தியின் ஆற்றல் அந்த உரசலிலேயே செலவாகி, ஒலி 'டப்' என்று முடிந்துவிடும். பின்விளிம்பை இம்மியளவு தாழ்த்தி, தந்தி முன்பகுதியில் மட்டும் உரசும்படி செய்தால் நீட்டம் திரும்பும். அதற்கு விலையாக ரீங்காரத்தின் கூர்மை சற்றுக் குறையும். சித்தார் உலகில் இது பழைய விவகாரம். ரவிசங்கரின் சித்தார் திறந்த ஜவாரியோடும், விலாயத் கானின் சித்தார் மூடிய ஜவாரியோடும் ஒலித்தது. முன்னதில் ரீங்காரம் விரிந்து கிடக்கும், பின்னதில் ஸ்வரம் உருண்டு திரண்டு நிற்கும். இரண்டுமே குறையன்று, உங்களுக்கு எது வேண்டும் என்று முடிவு செய்துகொண்டு திருகைத் தொடுவது நல்லது.

ஆயினும் நேர்த்தியாகச் சரிசெய்யப்பட்ட எலெக்ட்ரிக் சித்தாரிலும் ஸ்வரம் கிட்டார் அளவுக்கு நீளாது. நீட்டம் போதவில்லை என்றால் ஒலியின் ஏற்றஇறக்கத்தைச் சமன்படுத்தும் கம்ப்ரெஸர் பெடல் ஒன்றை இணைப்பதே முறை. குதிரையை மேலும் மேலும் தீட்டிக்கொண்டிருப்பது முறையன்று.

அறிகுறி: சில தந்திகளில் மட்டும் ரீங்காரம்

தகட்டின் குறுக்கு வளைவும் கழுத்தின் வளைவும் ஒத்துப்போகாத போது இது நேரும். நடுத்தந்திகள் நன்றாகப் பேச, ஓரத்துத் தந்திகள் ஊமையாக இருந்தால் இதுவே காரணம். தகட்டை ஒரு பக்கம் மட்டும் சற்று உயர்த்தி, தடித்த தந்திகளின் பக்கம் தனியாகவும் மெல்லிய தந்திகளின் பக்கம் தனியாகவும் சமன் செய்ய வேண்டும். ஆறு தந்திகளும் ஒரே அளவில் பேசும் கருவி அரிது. மேல் நான்கு தந்திகள் நன்றாக அமைந்தால், தடித்த இரண்டையும் சுருதித் தந்திகளாக வைத்துக்கொண்டு வாசிப்பதே விவேகம்.

ஒரே ஒரு தந்தி மட்டும் ஊமையானால், அந்தத் தந்தி கிடந்த இடத்தில் பள்ளம் விழுந்திருக்கிறதா என்று பூதக்கண்ணாடியில் பார்க்கவும். தந்தி பள்ளத்தில் இறங்கிவிட்டால் அதன் இரு ஓரங்களும் தந்தியைப் பிடித்துக்கொள்ளும். சித்தாரில் எலும்பாலோ மான்கொம்பாலோ கருங்காலியாலோ ஆன குதிரையிலும் வாசிக்க வாசிக்கப் பள்ளம் விழத்தான் செய்கிறது. அதை அரத்தால் சீவி மீண்டும் ஜவாரி கட்டுவதற்கென்றே கைவினைஞர்கள் இருக்கிறார்கள். எலெக்ட்ரிக் சித்தாரில் தகடு மரமாகவோ பிளாஸ்டிக்காகவோ இருந்தால், கண்ணாடித் துண்டின்மேல் சுற்றிய 1000 எண் உப்புத்தாளால் தொடங்கி 2000 எண்ணில் முடித்து, நீளவாக்கில் மட்டும், மிக மென்மையாகத் தேய்க்கலாம். உலோகத் தகட்டின்மேல் குரோம் பூச்சு இருந்தால் தேய்க்கவே கூடாது. பூச்சு உரிந்த தகடு மறுபடி ஒழுங்குக்கு வராது. அங்கே அழுக்கைத் துடைப்பதோடு நிறுத்திக்கொண்டு, தகட்டையே மாற்றுவது மேல். துடைத்தாலே தீர்ந்துவிடும் குறைகளும் உண்டு. வியர்வையும் துருவும் கலந்த படலம் தந்திக்கும் தகட்டுக்கும் நடுவே மெத்தையாகக் கிடந்து ரீங்காரத்தை விழுங்கிவிடும். கடலோர ஊர்களில் தந்தி விரைவாகத் துருப்பிடிக்கும் என்பதால் வாசித்து முடித்ததும் துடைத்து வைப்பது அவசியம்.

அறிகுறி: ரீங்காரத்தோடு கரகரப்பும் கேட்கிறது

எல்லா மெட்டுகளிலும் ஒரே தன்மையோடு தொடர்ந்து வருவது ரீங்காரம். குறிப்பிட்ட மெட்டுகளில் மட்டும் தலைகாட்டுவது கரகரப்பு. ஒரு தந்தியைத் திறந்த நிலை முதல் 12ஆம் மெட்டு வரை ஒவ்வொன்றாக அழுத்தி மீட்டிக்கொண்டே வந்தால் வேறுபாடு புலப்படும். திறந்த தந்தியில் மட்டும் கரகரத்தால், கழுத்தின் தலைப்பக்கமுள்ள நட்டில் வெட்டு ஆழமாகிவிட்டது. முதல் ஐந்தாறு மெட்டுகளில் கரகரத்தால் கழுத்து பின்னோக்கி வளைந்திருக்கலாம். முதல் மெட்டையும் கடைசி மெட்டையும் ஒரே நேரத்தில் அழுத்திப் பிடித்து, 7ஆம் மெட்டுக்கும் தந்திக்கும் இடையே சுமார் 0.2 முதல் 0.3 மி.மீ. வரை இடைவெளி இருக்கிறதா என்று பார்த்து, கழுத்தின் வளைவை மாற்றும் உட்கம்பியான ட்ரஸ் ராடைச் சரிசெய்ய வேண்டும். ட்ரஸ் ராடு இல்லாத பழைய கழுத்துகளில் இவ்வேலையைத் தேர்ந்தவரிடம் விட்டுவிடுவது நல்லது. ஒரே ஒரு மெட்டில் மட்டும் கரகரத்தால் அடுத்த மெட்டு உயர்ந்து நிற்கிறது.

மெட்டுகளோடு தொடர்பில்லாமல், ஒரு குறிப்பிட்ட ஸ்வரம் எங்கே எழுந்தாலும் கரகரத்தால், தளர்ந்த பாகம் ஒன்று அந்த ஸ்வரத்துக்கு ஒத்ததிர்கிறது. பிக்கப்பின் திருகு, குமிழின் நட்டு, தளர்ந்து தொங்கும் குறுந்தந்தி என ஒவ்வொன்றையும் விரலால் அழுத்திக்கொண்டு மீட்டினால் குற்றவாளி அகப்படும்.

இங்கே ஓர் ஒழுங்கைக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்க வேண்டும். கழுத்தும் மெட்டுகளும் கிட்டார் என்ற முறையில் குறையற்று இருக்க வேண்டும். அதற்குப் பிறகே குதிரையைத் தொட வேண்டும். ரீங்காரம் வரவில்லையே என்று ட்ரஸ் ராடை இறுக்கி, மெட்டுகளில் உரசவிட்டு, அதைச் சித்தார் ஒலி என்று நம்பிக்கொண்டிருப்பவர்களின் கருவிகள் பழுதுபார்க்கும் மேசைக்கு வராமல் இருப்பதில்லை.

அறிகுறி: மேல் மெட்டுகளுக்குப் போகப் போகச் சுருதி விலகுகிறது

இக்கருவியின் பிறவிக் குறை இது. கிட்டாரில் ஒவ்வொரு தந்திக்கும் குதிரையில் தனித்தனித் தாங்கி (சேடில்) இருப்பதால், ஒவ்வொன்றின் நீளத்தையும் தனியே கூட்டிக் குறைத்துச் சுருதியைத் திருத்தலாம். எலெக்ட்ரிக் சித்தாரில் ஆறு தந்திகளுக்கும் ஒரே தகடு. அந்தத் தகட்டிலும் தந்தி எந்தப் புள்ளியில் முடிகிறது என்பது சாய்வைப் பொறுத்து மாறும். 25 அங்குல, அதாவது 635 மி.மீ. நீளமுள்ள தந்தியில் முனை 2 மி.மீ. பின்னே நகர்ந்தாலே 12ஆம் மெட்டின் ஸ்வரம் திறந்த தந்தியின் மேல் ஸ்தாயியிலிருந்து சுமார் 5 சென்ட் இறங்கிவிடும். அரைச்சுரம் ஒன்றுக்கு 100 சென்ட் என்பதால் இது சிறிதாகத் தோன்றலாம். ஆனால் பல தந்திகளைச் சேர்த்து ஒலிக்கும் கார்டு பிடிக்கும்போது தந்திக்குத் தந்தி வெவ்வேறு அளவில் விலகுவதைக் காது பொறுக்காது.

திருத்தும் முறை இதுதான். முதலில் ரீங்காரத்தை முழுமையாக அமைத்து முடிக்கவும். அதற்கு முன் சுருதி பார்த்துப் பயனில்லை. பிறகு புதுத் தந்திகளோடு, திறந்த தந்தியையும் 12ஆம் மெட்டில் அழுத்திய ஸ்வரத்தையும் டியூனரில் ஒப்பிடவும். எல்லாத் தந்திகளும் 12ஆம் மெட்டில் ஏறியிருந்தால் தகட்டை முழுதாகப் பின்னே தள்ளவும். இறங்கியிருந்தால் முன்னே கொணரவும். தடித்த தந்திகள் ஏறியும் மெல்லியவை இறங்கியும் இருந்தால், தகட்டைக் கோணலாக, தடித்த தந்திகளின் பக்கம் பின்னே தள்ளியிருக்குமாறு வைக்கவும். மூன்றாம் தந்தி மட்டும் அடங்க மறுத்தால், அதைச் சுற்றுக்கம்பியிலிருந்து வெறுங்கம்பிக்கோ, வெறுங்கம்பியிலிருந்து சுற்றுக்கம்பிக்கோ மாற்றிப் பார்க்கவும். ஒரே ஸ்வரத்துக்கு இவ்விரண்டும் வேண்டும் ஈடு வெவ்வேறு என்பதால், இரண்டில் ஒன்று உங்கள் தகட்டுக்கு அருகில் வரும். டியூனர் ரீங்காரத்தில் குழம்பித் துள்ளினால், கழுத்துப்பக்க பிக்கப்பைத் தேர்ந்து டோன் குமிழை முழுதும் குறைத்துக்கொண்டு பார்க்கலாம்.

இவ்வளவுக்குப் பிறகும் எஞ்சும் விலகலை வாசிப்பால்தான் சமாளிக்க வேண்டும். 1960களின் இறுதியில் மெம்ஃபிஸ் ஒலிப்பதிவுகளில் இக்கருவியை வாசித்த ரெஜி யங் போன்றவர்கள் நீண்ட கார்டு வரிசைகளை அதில் வாசிக்கவில்லை; குரலுக்கு இடையே ஒற்றைத் தந்தியில் சின்னச் சின்னத் தொடர்களை வைத்தார்கள். இக்கருவிக்குத் தகுந்த இடம் அதுதான்.

அறிகுறி: 13 குறுந்தந்திகளும் ஒலிப்பதேயில்லை

வாங்கியவர்களை மிகவும் ஏமாற்றும் பகுதி இது. சித்தாரில் 11 முதல் 13 வரையான ஒத்ததிர்வுத் தந்திகள், வளைந்த மெட்டுகளுக்கு அடியே ஓடி, வாசிப்புத் தந்திகளின் பெரிய குதிரை நிற்கும் அதே மெல்லிய மரப்பலகையின்மேல் தமக்கென ஒரு சிறு குதிரையில் அமர்கின்றன. வாசிப்புத் தந்தி அதிரும்போது அந்தப் பலகை அதிர்கிறது. பலகை அதிரும்போது அடித்தந்திகள் விழிக்கின்றன. எலெக்ட்ரிக் சித்தாரில் குறுந்தந்திகள் ஒரு பக்கமாகத் தனியே ஒதுக்கப்பட்டிருக்கின்றன. நடுவே கிடக்கும் கருவியுடலோ குடுக்கையின் மேற்பலகையைப் போல எளிதில் அதிராது. ஆகவே அவை இயல்பாகவே மெல்லத்தான் பேசும்.

முதலில் மூன்றாவது பிக்கப்பின் வால்யூம் குமிழ் முழுதும் திறந்திருக்கிறதா என்று பார்க்கவும்; அது தனிக்குமிழ் என்பதை மறந்துவிடுபவர்கள் பலர். குறுந்தந்திகளை விரலால் வருடிப் பார்த்து, ஆம்ப்ளிஃபயரில் ஒலி வருகிறதா என்று உறுதி செய்யவும். வந்தால் பிக்கப்பில் குறையில்லை; சுருதியில்தான் குறை. ஒத்ததிர்வு என்பது மிகக் கூர்மையான நிகழ்வு. குறுந்தந்தி சில சென்ட் விலகியிருந்தாலும் விழிக்காது. ஒவ்வொன்றையும் டியூனரில் சேர்த்தபின், வாசிப்புத் தந்தியில் அதே ஸ்வரத்தை வலுவாக மீட்டி உடனே கையால் அடக்குங்கள். அடக்கிய பிறகும் மெல்லிய எதிரொலி நிற்குமானால் அந்தத் தந்தி சேர்ந்துவிட்டது. திறவுகோல் போட்டுத் திருகும் முளைகள் உள்ள மாதிரிகளில் முளையைச் சுழற்றும்போது பக்கவாட்டில் சாய்க்கக் கூடாது. துளை அகன்றால் முளை பிடிமானம் இழந்து, சேர்த்த சுருதி இரவுக்குள் இறங்கிவிடும்.

எந்த ஸ்வரங்களுக்குச் சேர்ப்பது? 12 அரைச்சுரங்களும் மேல் ஸட்ஜமும் சேர்ந்தால் சரியாக 13 என்பதால், எல்லா ஸ்வரங்களையும் வரிசையாக வைத்துவிடும் ஆசை எழும். எந்தப் பாட்டுக்கும் பொருந்தும் என்பது அதன் வசதி. எந்தப் பாட்டிலும் பாதிக்கு மேற்பட்ட தந்திகள் வேலையின்றி நிற்பதும், வேண்டாத ஸ்வரங்கள் முணுமுணுப்பதும் அதன் குறை. வாசிக்கப் போகும் ராகத்தின் அல்லது ஸ்கேலின் ஸ்வரங்களை மட்டும் எடுத்து, ஸட்ஜத்தையும் பஞ்சமத்தையும் இரட்டித்துச் சேர்ப்பதே என் தேர்வு. பாட்டுக்குப் பாட்டு ஸ்கேல் மாறும் கச்சேரியில் மூன்றாவது பிக்கப்பை மூடிவிட்டு, குறுந்தந்திகளின்மேல் ஒரு ஃபெல்ட் துண்டைச் செருகிவிடுவது அமைதியைத் தரும்.

அறிகுறி: தந்தியை இழுத்தால் ஸ்வரம் ஏறுவதற்குள் ரீங்காரம் போய்விடுகிறது

சித்தாரில் மெட்டுகள் வளைந்து உயர்ந்து நிற்கின்றன. தந்திக்கும் தண்டுக்கும் இடையே நிறைய இடமிருப்பதால், ஒரே மெட்டில் ஸட்ஜத்திலிருந்து மத்யமம் வரை தந்தியை இழுத்து 'மீண்டு' என்னும் வழுக்கலைக் கொண்டுவருவது வாசிப்பவருக்கு இயல்பான காரியம். மெட்டுகளும் நூலால் கட்டப்பட்டவை. ராகத்துக்கு ஏற்ப நகர்த்திக்கொள்ளலாம். எலெக்ட்ரிக் சித்தாரில் கிட்டாரின் மெட்டுகளே உள்ளன. இரண்டு மூன்று அரைச்சுரங்களுக்கு மேல் இழுக்கும்போது தந்தி குதிரைத் தகட்டின்மேல் பக்கவாட்டில் வழுக்கி, தனக்காகச் சரிசெய்யப்பட்ட இடத்தை விட்டு விலகிவிடுகிறது. குதிரைக்குப் பின்னே தந்தி நேராக இறங்குகிறதா என்று பார்த்து, நட்டின் வெட்டுகளில் சிறிது கிராஃபைட் பொடி தடவினால் இழுத்தபின் சுருதி திரும்பும். நீண்ட மீண்டுகளுக்கு வேறு தீர்வு இல்லை; அதற்குச் சித்தாரோ வீணையோதான் வேண்டும்.

அறிகுறி: கையில் கேட்கும் ரீங்காரம் ஆம்ப்ளிஃபயரில் மங்குகிறது

ரீங்காரம் மேற்சுரங்களால் ஆனது. மேற்சுரங்களைத் தின்னும் எதுவும் அதைத் தின்னும். குதிரைப்பக்க பிக்கப்பைத் தேர்ந்து, டோன் குமிழை முழுதும் திறந்து, நீண்ட கேபிளுக்குப் பதிலாக 3 மீட்டர் கேபிளில் கேட்டுப் பார்க்கவும். ஒலியைச் சிதைத்துக் கரடாக்கும் டிஸ்டார்ஷன் போடக் கூடாது. அது தானாக உண்டாக்கும் மேற்சுரங்களில் ஜவாரியின் மேற்சுரங்கள் அமுங்கிவிடும். குமிழைத் திருப்பும்போது கரகரவென்று சத்தம் வந்தால் கான்டாக்ட் கிளீனர் போதும்.

அறிகுறி: ஓயாத உறுமல்

இவ்வகைக் கருவிகளில் பெரும்பாலும் இருப்பது, உலோகக் குழாய்க்குள் அடைக்கப்பட்ட ஒற்றைச் சுருள் லிப்ஸ்டிக் பிக்கப். ஒற்றைச் சுருள் எதுவானாலும் 50 ஹெர்ட்ஸ் மின்னோட்டத்தின் உறுமலை ஓரளவு வாங்கும்; மூன்று பிக்கப்களும் திறந்திருந்தால் அது இன்னும் கூடும். வாசிக்காத பிக்கப்பை மூடி, டிம்மர் விளக்குகளையும் செல்போன் சார்ஜரையும் விட்டுத் தள்ளி நின்று, உடலைத் திருப்பி உறுமல் குறையும் திசையைக் காணவும். தந்தியைத் தொட்டதும் உறுமல் குறைந்தால் கருவியின் எர்த் இணைப்பு ஒழுங்காக இருக்கிறது. உள்ளறையில் செப்புத் தாள் ஒட்டினால் மேலும் அடங்கும். தொட்டதும் கூடினால் குதிரைக்குச் செல்லும் எர்த் கம்பியின் சால்டரிங் விட்டிருக்கக்கூடும். குதிரைத் தகடு மரமாகவோ பிளாஸ்டிக்காகவோ இருக்கும் மாதிரிகளில், தந்திகள் மாட்டப்படும் உலோகப் பகுதிக்கு எர்த் கம்பி செல்கிறதா என்று பார்க்க வேண்டும்.

தந்தியைத் தொடும்போது சுருக்கென்று மின்னதிர்ச்சி தட்டினால் அது கருவியின் பழுதன்று. ஆம்ப்ளிஃபயரிலோ மின்செருகியிலோ எர்த் இல்லை. 230 வோல்ட் மின்சாரத்தோடு சோதனை செய்து பார்க்கக் கூடாது. உடனே பிளக்கைப் பிடுங்கி, எலெக்ட்ரீஷியனை அழைத்து மூன்று முள் செருகியின் எர்த்தைச் சோதித்த பிறகே மீண்டும் இணைக்க வேண்டும்.